சிமுலேஷன் படிப்பும் சேரிப் பிள்ளைகளும்: சூளகிரியிலிருந்து ஒரு வரலாற்றுப் பார்வை

ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஐம்பது ஆண்டுகளில் சூளகிரி, பேரிகை, வேப்பனப்பள்ளி, கெலமங்கலம் பக்கத்துச் சேரிகளிலிருந்து மூன்று தலைமுறை ஆட்கள் அந்தக் கம்பெனி வாசல்களுக்குள் போய் வந்திருக்கிறார்கள். தாத்தா கட்டடம் எழும்பும்போது மண் சுமந்தார். அப்பா லோடு ஏற்றி இறக்கினார். பேரப் பிள்ளைகள் ஐடிஐயோ டிப்ளமோவோ முடித்துவிட்டு அப்ரண்டிஸாகவும் காண்ட்ராக்ட் தொழிலாளியாகவும் லைனில் நிற்கிறார்கள். மூன்று தலைமுறையும் எட்டிப் பார்க்காத ஓர் அறை அந்தத் தொழிலில் இருக்கிறது. வண்டி இரும்பாக உருவாவதற்கு முன்பு, கணினித் திரையில் எண்களாக உருவாகும் அறை அது. அந்த அறைக்குள் நுழைய வழக்கமாகக் கேட்கப்படும் தகுதி ஒரு முதுகலைப் படிப்பு. பொறியியலுக்கான எண்முறைக் கணிப்பு என்று தமிழில் சொல்லலாம். கம்பெனிகளில் எல்லாரும் சொல்வது சிமுலேஷன்.

இந்தப் படிப்பின் வரலாற்றைத்தான் இங்கே எழுதுகிறோம். இரட்டைக் குவளை, மயானப் பாதை, பஞ்சமி நிலம் என்று எழுதுகிற இடத்தில் எம்.டெக் படிப்புக்கு என்ன வேலை என்று தோழர்கள் சிலர் கேட்கலாம். கையால் உழைப்பவர் ஒருவர், கணக்குப் போட்டு முடிவு சொல்பவர் இன்னொருவர் என்று ஆட்களைப் பிறப்பால் பிரித்து வைத்ததுதான் சாதி. தொழிற்சாலையில் அந்தப் பிரிவு இன்று உயிரோடு இருக்கும் இடங்களில் ஒன்று இந்தப் படிப்பின் வாசல். ஆகவே இதுவும் நம்முடைய விஷயம்தான்.

இது என்ன படிப்பு?

ஒரு லாரியின் சேசிஸை எடுத்துக்கொள்வோம். பத்து டன் சுமையோடு பள்ளத்தில் இறங்கினால் அது எங்கே விரிசல் விடும்? முன்பெல்லாம் இதைத் தெரிந்துகொள்ள ஒன்றைச் செய்து, ஓட்டி, உடைத்துப் பார்ப்பார்கள். விரிசல் விட்ட இடத்தில் தகட்டைத் தடிமனாக்கி மறுபடி ஓட்டுவார்கள். மாதக்கணக்கில் நேரமும் கோடிக்கணக்கில் பணமும் ஆகும்.

சிமுலேஷனில் அந்த சேசிஸைக் கணினியில் ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். வலை போட்டது போல இருப்பதால் இதற்கு மெஷ் என்று பெயர். துண்டுகள் சந்திக்கும் புள்ளிகளை நோடு என்கிறார்கள். ஒவ்வொரு நோடும் சுமை ஏறும்போது மூன்று திசைகளில் எவ்வளவு நகரும் என்பதற்குச் சமன்பாடு எழுதுகிறார்கள். ஒரு லட்சம் நோடு இருந்தால் மூன்று லட்சம் சமன்பாடுகள். எல்லாவற்றையும் சேர்த்துக் கணினி தீர்க்கிறது. எந்த இடம் தாங்கும், எந்த இடம் தாங்காது என்பது வண்ணப் படமாகத் திரையில் வருகிறது. இதுதான் ஃபைனைட் எலிமென்ட் முறை. பேட்டரிக்குள் சூடு எப்படிப் பரவும், அணை மதகில் தண்ணீர் எவ்வளவு அழுத்தும், வண்டியைச் சுற்றிக் காற்று எப்படி ஓடும் என்பதற்கும் இதைப் போன்ற முறைகள் உண்டு.

அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த கல்லூரிகளில் பி.இ. மெக்கானிக்கல் படிப்பவர்கள் இதை ஒரு தாளாகப் படிப்பதுண்டு. மென்பொருளில் எந்தப் பட்டனை அழுத்துவது என்பதைச் சில மாதக் கோர்ஸில்கூடக் கற்றுக்கொள்ளலாம். திரையில் வந்த விடை சரியா, தப்பா, எவ்வளவு தப்பு என்று சொல்வதற்குத்தான் முதுகலை. எம்.இ. இன்ஜினியரிங் டிசைன், கம்ப்யூட்டர் எய்டட் டிசைன், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிங் என்ற பெயர்களிலும், ஐஐடிகளில் எம்.டெக் ஆகவும் அந்த இரண்டாண்டுப் படிப்பு இருக்கிறது. முடிவு சொல்லும் அதிகாரம் அங்கேதான் கைமாறுகிறது.

கூலிக்குக் கணக்குப் போட்டவர்கள்

கணினி வருவதற்கு முன்பே இந்த முறைகள் வந்துவிட்டன. 1910இல் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர், ஒரு கல் அணைக்குள் தண்ணீரின் அழுத்தம் எப்படிப் பரவுகிறது என்பதை எண்களாலேயே தோராயமாகக் கண்டுபிடிக்கும் வழியை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். அணையின் குறுக்குவெட்டைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் திரும்பத் திரும்பக் கூட்டிக் கழிக்க வேண்டும். அந்தக் கூட்டல் கழித்தலைப் பையன்களை வைத்துச் செய்தார். கூலி பீஸ் ரேட். வேகமான பையன் ஒருவன் வாரத்துக்குச் சுமார் 2000 கணக்குகள் போட்டான் என்று ரிச்சர்ட்சனே எழுதியிருக்கிறார். தப்பாகப் போட்ட கணக்கு எண்ணிக்கையில் சேராது. கட்டுரையில் ரிச்சர்ட்சன் பெயர் இருக்கிறது. பையன்களின் பெயர் இல்லை.

இன்று ஃபைனைட் எலிமென்ட் பாடத்தில் எல்லா மாணவரும் படிக்கும் இன்னொரு பெயர் கலெர்கின். அவர் ஏழை யூதக் குடும்பத்தில் பிறந்த ரஷ்யர். 1905 புரட்சிக் காலத் தொழிலாளர் அரசியலில் ஈடுபட்டுச் சிறை போனவர். 1915இல் அவர் வெளியிட்ட முறைதான் இன்றும் பாடப் புத்தகங்களில் அவர் பெயரோடு இருக்கிறது. பிறகு 1943இல் கூரன்ட், 1956இல் விமான இறக்கைகளுக்காக டர்னர், கிளஃப், மார்ட்டின், டாப் என்று ஒவ்வொரு கட்டமாக இந்த முறை வளர்ந்தது. ஃபைனைட் எலிமென்ட் என்ற பெயரை 1960இல் வைத்தவர் கிளஃப்.

இதே காலத்தில் அமெரிக்காவில் விமான ஆராய்ச்சிக்கான கணக்குகளைப் பெண்கள் கையால் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வேலைக்கே கம்ப்யூட்டர் என்றுதான் பெயர். வர்ஜீனியா மாநிலத்தின் லாங்லி ஆய்வகத்தில் 1943 முதல் கறுப்பினப் பெண்களைத் தனிக் கட்டடத்தில் உட்கார வைத்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் அவர்களுக்குத் தனி மேசை, மேசை மேல் நிறத்தைக் குறிக்கும் பலகை. நம் ஊர் டீக்கடையின் தனிக் குவளையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அங்கே 1951இல் வேலைக்குச் சேர்ந்தவர் மேரி ஜாக்சன். அவருடைய திறமையைப் பார்த்த பொறியாளர் ஒருவர், பொறியாளருக்கான பயிற்சி எடுக்கச் சொன்னார். அதற்கு முதுகலை அளவிலான கணிதம், இயற்பியல் வகுப்புகளை முடிக்க வேண்டும். வகுப்பு நடந்ததோ வெள்ளையர் மட்டும் படிக்கும் பள்ளிக் கட்டடத்தில். உள்ளே போக நகர நிர்வாகத்திடம் மனுப் போட்டு அனுமதி வாங்கினார். படித்து முடித்து 1958இல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளர் ஆனார். அறுபதுகளின் பிற்பகுதியில் அதே நாசாதான் நாஸ்ட்ரான் என்ற ஃபைனைட் எலிமென்ட் மென்பொருளை உருவாக்கியது. அதன் வாரிசுகள் இன்றும் கார், விமானக் கம்பெனிகளில் ஓடுகின்றன.

மேரி ஜாக்சனுக்குக் கணக்கு ஏற்கனவே தெரியும். அவரைத் தடுத்து நின்றது அந்த முதுகலை வகுப்பறையின் வாசல். இந்தியாவில் அந்த வாசலை முன்கூட்டியே அடையாளம் கண்டு சொன்னவர் ஒருவர் இருக்கிறார்.

1942இல் பாபாசாகேப் கேட்டது

1942 ஜூலையில் அண்ணல் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினரானார். அந்த அக்டோபரிலேயே பட்டியல் சாதிகளின் குறைகளைப் பற்றி வைஸ்ராய்க்கு ஒரு நீண்ட மனு கொடுத்தார். அதில் கல்வி பற்றிய பகுதியை நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். கலைப் படிப்பும் சட்டப் படிப்பும் நம் மக்களுக்குப் பெரிதாக உதவாது, அறிவியலிலும் தொழில்நுட்பத்திலும் உயர்நிலைக் கல்விதான் உதவும் என்று அவர் வாதாடுகிறார். நம் மக்கள் பிள்ளைகளைக் கலைப் படிப்புக்கும் சட்டத்துக்கும் அனுப்புவதற்குக் காரணம் விருப்பமில்லை, அறிவியல் படிப்பின் செலவைத் தாங்க முடியாததுதான் என்றும், அரசு பணம் கொடுக்காமல் அந்தக் கதவு ஒருபோதும் திறக்காது என்றும் சொல்கிறார். உள்நாட்டில் அறிவியல், தொழில்நுட்பம் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய், வெளிநாட்டில் படிக்க ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் என்று தொகையையும் குறித்துக் கேட்டார்.

1944இல் பட்டியல் சாதியினருக்கான போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை தொடங்கியது. இன்று நம் கல்லூரிப் பிள்ளைகள் வாங்கும் உதவித்தொகையின் தொடக்கம் அதுதான். வெளிநாட்டுப் படிப்புக்கான தேசிய உதவித்தொகை 1954–55இல் வந்தது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அம்பேத்கரின் துறையில்தான் நீர்ப்பாசனமும் மின்சாரமும் இருந்தன. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டமும், இன்றைய மத்திய நீர் ஆணையத்துக்கு முன்னோடியாக 1945இல் அமைந்த ஆணையமும் அவர் பொறுப்பில் உருவானவை. நாட்டின் அணைகளை யார் வடிவமைக்கப் போகிறார்கள் என்ற கேள்வியை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவர் அவர்.

அதற்கு எதிர்க்காற்றும் உடனே வீசியது. சென்னை மாகாணத்தில் வகுப்புவாரி அரசாணைப்படி மருத்துவ, பொறியியல் கல்லூரிகளின் ஒவ்வொரு 14 இடங்களிலும் 2 இடங்கள் தாழ்த்தப்பட்டோருக்கு இருந்தன. 1951இல் செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்த அரசாணையைச் செல்லாது என்றது. அதோடு சேர்ந்து வந்த இன்னொரு மனு பொறியியல் கல்லூரி இடம் கேட்டது. தமிழகம் கொதித்தெழுந்தது. அதே ஆண்டில் அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் வந்து, 15(4) பிரிவு சேர்ந்தது. இந்தியாவின் முதல் இடஒதுக்கீட்டு யுத்தத்தின் நடுவிலேயே பொறியியல் இடம் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

அடுத்த அடி எங்கள் வட்டாரத்தோடு சம்பந்தப்பட்டது. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி, முதலமைச்சராக இருந்தபோது 1953இல் கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தார். பாதி வேளை பள்ளி, மீதி வேளை பெற்றோரின் தொழிலைக் கற்பது. குலக்கல்வித் திட்டம் என்று தமிழகம் அதற்குப் பெயர் வைத்து எதிர்த்தது. ராஜாஜி பதவி விலகினார். 1954இல் காமராசர் அரசு திட்டத்தைக் கைவிட்டது. அந்தத் திட்டம் நின்றிருந்தால் தொரப்பள்ளிக்குப் பக்கத்துச் சேரிப் பிள்ளை மீதி வேளையில் என்ன தொழிலைக் கற்றிருப்பான் என்று யோசித்துப் பாருங்கள்.

கணினியும் இடஒதுக்கீடும் வந்த ஆண்டு

முதல் ஐஐடி 1951இல் கரக்பூரில் தொடங்கியது. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு சென்னை ஐஐடி 1959இல் வந்தது. ஐஐடிகளில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான சேர்க்கை இடஒதுக்கீடு 1973இல்தான் வந்தது. சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370/155 என்ற பெரிய கணினி வந்ததும் அதே 1973இல்தான்.

இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தது தற்செயல். ஆனால் அதன் விளைவு தற்செயலானதன்று. அந்தக் கணினியில் எண்முறைக் கணிப்பைக் கற்று, ஆய்வு செய்து, பிறகு பேராசிரியராகவும் பாடநூல் ஆசிரியராகவும் நிபுணர் குழு உறுப்பினராகவும் ஆகக்கூடிய இடத்தில் ஏற்கனவே ஒரு தலைமுறை உட்கார்ந்திருந்தது. நம் பிள்ளைகள் முதலாமாண்டில் காலடி வைத்தபோது அவர்கள் ஆய்வகத்தின் சாவியை வைத்திருந்தார்கள். சென்னை ஐஐடியை ஆராய்ந்து மானுடவியலாளர் அஜந்தா சுப்ரமணியன் 2019இல் ஒரு நூல் வெளியிட்டார். தலைமுறைகளாகச் சாதியால் சேர்ந்த வசதி, தகுதி என்ற புதுப் பெயரில் எப்படி வெளியே வருகிறது என்பதை அதில் அவர் காட்டுகிறார். கணிதம் அதிகமாகத் தேவைப்படும் துறைகளில் இந்தப் பேச்சு இன்னும் கூர்மையாக இருக்கும். கணிதம் பிறவி ஞானம் என்று நம்ப வைப்பது எளிது. நாலாம் வகுப்பிலிருந்து நல்ல கணக்கு வாத்தியார் கிடைத்தாரா என்று யாரும் கேட்பதில்லை.

மத்தியக் கல்வி நிறுவனங்களின் ஆசிரியர் பணியிடங்களில் இடஒதுக்கீட்டுக்கான சட்டம் 2019இல் வந்தது. 1973க்கும் 2019க்கும் நடுவே 46 ஆண்டுகள். முதுகலைப் படிப்பிலும் ஆராய்ச்சியிலும் மாணவரின் கதி பெரும்பாலும் வழிகாட்டியின் கையில் இருக்கிறது. சேலம் மாவட்டத்திலிருந்து ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இயற்பியல் ஆராய்ச்சிக்குப் போன தலித் மாணவர் செந்தில்குமார் 2008இல் இறந்தபோது, வழிகாட்டி ஒதுக்கப்படாதது பற்றிய கேள்வி எழுந்தது. அதே வளாகத்தில் 2016 ஜனவரியில் ரோஹித் வெமுலாவை இழந்தோம். இடம் கிடைப்பதோடு கதை முடிவதில்லை.

ஓசூரில் நடந்தது

எழுபதுகளில் அன்றைய தர்மபுரி மாவட்டத்தின் ஓசூர் வட்டம் பின்தங்கிய பகுதி. பெங்களூருக்குப் பக்கத்தில் நிலமும் சலுகையும் கொடுத்துக் கம்பெனிகளை அழைத்தது தமிழக அரசு. 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வெளிவந்தது. அசோக் லேலண்ட் அதே காலத்தில் வந்தது. எண்பதுகளிலேயே டைட்டன் கடிகாரத் தொழிற்சாலையும் வந்தது. இப்போது ஓசூரில் ஏதர், பர்கூர் பக்கம் ஓலா என்று மின்சார ஸ்கூட்டர்களின் காலம். சூளகிரி சுற்றுவட்டாரத்தில் புதிய சிப்காட் நிலங்களில் கம்பெனிகள் எழும்பிக்கொண்டிருக்கின்றன.

பர்கூரில் அரசுப் பொறியியல் கல்லூரி 1994இல் தொடங்கப்பட்டது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். அந்தக் கல்லூரியும் தனியார் கல்லூரிகளும் வந்த பிறகு நம் குடும்பங்களில் பி.இ. முடித்தவர்கள் உருவானார்கள். ஆனால் பி.இ. முடித்தவர்களுக்கு ஓசூரில் பெரும்பாலும் கிடைப்பது உற்பத்தி, தரப் பரிசோதனை, பராமரிப்பு வேலைகள். வடிவமைப்பு வேலை ஒன்று கம்பெனியின் சொந்த ஆராய்ச்சிப் பிரிவில் இருக்கும். இல்லையென்றால் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி பெங்களூரில் இருக்கும். உலகத்தின் பெரிய கார், விமானக் கம்பெனிகளின் சிமுலேஷன் அலுவலகங்கள் அங்கேதான். சூளகிரியிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி, சாலையில் நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரப் பயணம். நம் சேரியிலிருந்து அந்த மேசைக்குப் போக மூன்று தலைமுறை போதவில்லை.

ஏணி எங்கே நிற்கிறது

தமிழ்நாட்டின் சமூக நீதி ஏணியை நாம் குறைத்துப் பேசவில்லை. அந்த ஏணியில் ஏறி வந்தவர்கள்தான் நாங்கள். அதன் படிகளை எண்ணிப் பார்த்தால் ஒன்று தெரியும். முதல் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை இளநிலைத் தொழிற்படிப்போடு முடிகிறது. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு பொறியியலுக்கு 2021இல் வந்தது. அதுவும் இளநிலைக்குத்தான். பட்டியல் சாதிக்கு 18 சதவீதம், அதற்குள் அருந்ததியருக்கு 2009 முதல் 3 சதவீதம் என்ற இடஒதுக்கீடு முதுகலைக்கும் உண்டு. உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. இடம் இருக்கிறது. இரண்டாண்டு உட்கார்ந்து படிப்பதற்கான சோறு எங்கே என்பதுதான் கேள்வி.

கேட் தேர்வில் தகுதி பெற்று எம்.டெக் அல்லது எம்.இ. சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. மாநில நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்ந்தால் அது கிடையாது. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அப்பாவும் அம்மாவும் கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை பார்த்தால் அந்த வரம்பு தாண்டிவிடும். 2012இல் வந்த அரசாணை 92, தனியார் கல்லூரிகளிலும் பட்டியல் சாதி மாணவரின் கட்டணத்தை அரசே கொடுக்கும் என்றது. 2017இல் மேனேஜ்மென்ட் கோட்டா இடங்கள் அதிலிருந்து கழிக்கப்பட்டன. 2019இல் ஐஐடி கவுன்சில், எம்.டெக் கட்டணத்தைப் பல மடங்கு உயர்த்தவும் மாத உதவித்தொகையை நிறுத்தவும் முடிவெடுத்தது. மாணவர்கள் தெருவுக்கு வந்து எதிர்த்தார்கள். அந்த மேசையில் உட்கார்ந்து முடிவெடுத்தவர்களில் யாருக்கும் 12,400 ரூபாயில் பாதியை வீட்டுக்கு அனுப்பிப் படித்த அனுபவம் இருந்திருக்காது.

2024இல் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த தலித் கூலித் தொழிலாளியின் மகன் தன்பாத் ஐஐடியில் இடம் பெற்று, 17,500 ரூபாயைக் கடைசி நிமிடத்துக்குள் கட்ட முடியாமல் இடத்தை இழந்தார். உச்ச நீதிமன்றம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரைச் சேர்க்கச் சொன்னது. 1942இல் பாபாசாகேப் எழுதியது 82 ஆண்டுகள் கழித்து, உச்ச நீதிமன்றத்தில் 17,500 ரூபாயாக வந்து நின்றது.

எங்கள் வேலையில் பார்ப்பது

சூளகிரி வட்டாரத்தில் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வழிகாட்டும் வேலையில் இருக்கிறோம். முதுகலை பற்றிப் பேசப் போனால் வீட்டில் முதலில் கேட்பது, “இன்னும் எத்தன வருசங்க? நாலு வருசம் முடிஞ்சா வேலைக்குப் போயிருவான்னுதான் இருந்தோம்” என்பதுதான். அந்தக் கேள்வியை அறியாமை என்று நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை. மகளிர் குழுக் கடனுக்கும் தங்கையின் கல்லூரிக் கட்டணத்துக்கும் இடையில் போட்ட மிகச் சரியான கணக்கு அது. பி.இ. முடித்தவன் அடுத்த மாதமே கம்பெனி பஸ் ஏறினால் வீட்டுக்குப் பதினைந்தாயிரம் வரும். எம்.இ. போனால் இரண்டு ஆண்டுகளுக்கு வராது.

அடுத்தது மொழி. எங்கள் பகுதியில் பல தலித் வீடுகளில் பேசுவது தெலுங்கு அல்லது கன்னடம். பள்ளியில் தமிழ். கல்லூரியில் ஆங்கிலம். மூன்று மொழியைத் தாண்டி வந்த பிள்ளையிடம், கலெர்கின் முறையை ஆங்கிலத்தில் விளக்கத் தெரியவில்லை என்பதற்காக அடிப்படை இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். “அக்கா, கணக்கு வருது. அத இங்கிலீஷ்ல சொல்லத்தான் வரல” என்று எங்களிடம் சொன்ன பிள்ளைகள் உண்டு. பெண் பிள்ளைகளுக்கு இதோடு விடுதியும் இரவுப் பேருந்தும் கல்யாணப் பேச்சும் சேர்ந்துகொள்ளும்.

மூன்றாவது, இப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதே தெரியாதது. ஊரில் அந்த வேலை பார்க்கும் ஓர் அண்ணன் இருந்தால் பத்துப் பேருக்குத் தெரியும். முதல் ஆள் இல்லாததால் இரண்டாவது ஆளும் இல்லை.

கணக்கில் யாருடைய உயிர் இருக்கிறது

ரிச்சர்ட்சன் கணக்குப் போட்டது ஓர் அணைக்கு என்று சொன்னோம். எங்கள் மாவட்டத்திலும் ஓர் அணை இருக்கிறது. தென்பெண்ணையின் குறுக்கே காமராசர் காலத்தில் கட்டிய கிருஷ்ணகிரி அணை. 2017 நவம்பரில் அதன் மதகு ஒன்று உடைந்து தண்ணீர் சீறி வெளியேறியது. பிறகு மதகுகளைப் புதிதாக மாற்றினார்கள். பழைய மதகுத் தகடு இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்ல உதவுவது இதே எண்முறைக் கணிப்புதான். 2022 மார்ச்சில் வேலூரில் இரவு சார்ஜில் போட்டிருந்த மின்சார வண்டி தீப்பிடித்து ஒரு தந்தையும் மகளும் இறந்தார்கள். பேட்டரிக்குள் ஒரு செல் சூடானால் பக்கத்து செல்லுக்கு எத்தனை நொடியில் பரவும் என்பதும் இதே கணிப்புதான்.

சிமுலேஷனில் முதல் வேலை, எந்தச் சூழ்நிலையைச் சோதிப்பது என்று முடிவு செய்வது. மூன்று பேர் ஏறிய மொபெட், அளவுக்கு மேல் சுமை ஏற்றிய ட்ராக்டர், ஒற்றை அறை வீட்டுக்குள் வாசற்படி ஓரம் சார்ஜ் ஏறும் ஸ்கூட்டர், ஆற்றோரத்தில் தாழ்வாக இருக்கும் காலனி. இவற்றைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர் அந்த அறையில் இருந்தால் கேட்கப்படும் கேள்வியே மாறும். கணினிக்குள் போடாத சுமைக்கு விடை வராது. நம் பிள்ளைகள் அந்த அறையில் இருக்க வேண்டும் என்று கேட்பது வேலைக்காக மட்டுமில்லை.

என்ன செய்யலாம்

ஒரு நல்ல செய்தியும் உண்டு. விலை உயர்ந்த மென்பொருள் உரிமம் இல்லாமல் இந்தத் துறையைக் கற்க முடியாது என்ற நிலை போய்விட்டது. பிரான்சின் அரசு மின் நிறுவனம் தன் அணுமின் நிலையங்களுக்காக எழுதிய கோட் ஆஸ்டர், திரவ ஓட்டத்துக்கான ஓபன்ஃபோம், கால்குலிக்ஸ் எல்லாம் இலவசம். ஐஐடி பேராசிரியர்கள் நடத்தும் ஃபைனைட் எலிமென்ட் பாடங்கள் என்பிடெல் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 1973இல் வளாகத்துக்குள் பூட்டியிருந்ததைவிடப் பெரிய கணக்குகளை இன்று ஒரு சாதாரண லேப்டாப் போடும். ஆனால் லேப்டாப்பும் அமைதியான ஓர் அறையும், சந்தேகம் கேட்க ஓர் ஆளும் வேண்டும். அவை தானாக வராது.

அதனால் நாம் கேட்க வேண்டியவை இவை. மாநில நுழைவுத் தேர்வு வழியாக எம்.இ. சேரும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கும் கேட் மாணவருக்கு இணையான மாத உதவித்தொகை. உதவித்தொகைக்கான வருமான வரம்பை இன்றைய விலைவாசிக்கு ஏற்ப உயர்த்துவது. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் உள்ள ஆதிதிராவிடர் நல விடுதிகளில் பி.இ. இறுதியாண்டு மாணவருக்குத் தமிழில் கணிதமும் கேட் பயிற்சியும். பர்கூர் அரசுக் கல்லூரியில் சிமுலேஷனுக்கென்றே வலுவான முதுகலை ஆய்வகம். அதற்கு, 2013 கம்பெனிச் சட்டப்படி சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டிய நிதியில் இந்த மாவட்டத்துக் கம்பெனிகள் பங்கு தர வேண்டும். அரசு நிலமும் சலுகையும் வாங்கிய கம்பெனிகள், உற்பத்தி லைனில் எத்தனை தலித்துகள், வடிவமைப்பு அறையில் எத்தனை தலித்துகள் என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். தனியார் துறை இடஒதுக்கீட்டைப் பற்றிய பேச்சு அந்த இரண்டு எண்களிலிருந்து தொடங்கட்டும்.

அரசு கொடுக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சிலவும் உண்டு. கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பரில் திறக்கும். தேர்வு பிப்ரவரியில். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு விண்ணப்பக் கட்டணம் பாதி, தகுதி மதிப்பெண்ணும் குறைவு. மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம். மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். ஒரு முறை வேலைக்குப் போய் வீட்டுக் கடனை அடைத்துவிட்டு மறு ஆண்டும் சேரலாம் என்று இதற்கு அர்த்தம். உங்கள் ஊரில் மெக்கானிக்கல், சிவில் படிக்கும் பிள்ளை இருந்தால் இதைச் சொல்லுங்கள். சாதிச் சான்றிதழில் பெயர் மதிப்பெண் பட்டியலில் உள்ளபடியே இருக்கிறதா என்று இப்போதே சரிபார்க்கச் சொல்லுங்கள். ஓர் எழுத்துப் பிழைக்காகத் தாலுகா அலுவலகத்துக்கு அலைந்து கடைசித் தேதியைத் தவறவிட்ட பிள்ளைகளை நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.